அத்தியாயம் 7: ஃபோர்க் ஒன்று, ஸ்டெம் வேறு

கேமரன் மலையின் லெம்பா பெர்த்தாமில் முழு வண்டியாக வாங்கி, கடைசிவரை அப்படியே ஓட்டிய சைக்கிளைப் பார்ப்பது அரிது. ஜப்பானிலிருந்து கொள்கலனில் வந்த பழைய வண்டி, தாத்தா காலத்து ராலே, பிள்ளைகள் ஓட்டி வளர்ந்துவிட்ட பி.எம்.எக்ஸ்., இரும்புக்கடையில் எடை போட்டு எடுத்த மலைச் சைக்கிள் ஃபோர்க் என்று நாலும் கலந்துதான் இங்கே ஒரு வண்டி உருவாகிறது. கலக்கும்போது முதலில் மல்லுக்கு நிற்பது ஸ்டெம். சக்கரத்தை மாற்றலாம், சீட்டை மாற்றலாம், பெடல் எங்கும் கிடைக்கும். ஹேண்டில் பாரையும் ஃபோர்க்கையும் சேர்க்கும் அந்தக் கழுத்துத் துண்டு மட்டும் அரை மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குக்கூட இணங்காது.

இணங்காததை இணங்கவைப்பதாக நினைத்துச் செய்யும் வேலைகளில்தான் ஆபத்து இருக்கிறது. பெர்த்தாமிலிருந்து ரிங்லெட்டுக்கு ஏறும்போது எழுந்து நின்று மிதிக்கிறோம். ஒவ்வொரு மிதிக்கும் ஹேண்டில் பாரை இடமும் வலமுமாக இழுக்கிறோம். திரும்பி இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தபடி மேலுடம்பின் பாரம் முழுவதையும் அதே ஹேண்டில் பாரில் இறக்குகிறோம். சமவெளியில் ஓடும் வண்டியின் ஸ்டெம் ஒரு மாதத்தில் தாங்குவதை இங்கே ஒரு வாரத்தில் தாங்கியாக வேண்டும். ஆகவே இந்த அத்தியாயத்தின் அடிப்படை விதி ஒன்றுதான்: ஸ்டெம்மைப் பிடித்து நிறுத்துவது விட்டப் பொருத்தம். போல்ட்டின் இறுக்கம் அதற்கு அடுத்தபடிதான். விட்டம் பொருந்தாத இடத்தில் எவ்வளவு இறுக்கினாலும் பிடிப்பு வராது.

கழுத்தில் இரண்டு சாதி

ஃபோர்க்கின் இரண்டு கால்களும் சேரும் இடத்திலிருந்து ஒரு குழாய் மேலே எழும்பி, ஃபிரேமின் தலைக்குழாய்க்குள் நுழைந்து வெளிவரும். அதைக் கழுத்துக்குழாய் என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல்முனையைப் பார்த்தாலே வண்டி எந்த வகை என்று தெரிந்துவிடும்.

பழைய வகையில் கழுத்துக்குழாயின் வெளிப்புறம் மரை போட்டிருக்கும். அந்த மரையில் கோனும் லாக் நட்டும் ஏறித் தலைக்குழாயின் பால்ஸை இறுக்கிப் பிடிக்கும். ஸ்டெம் குழாயின் உள்ளே இறங்கும். நீண்ட போல்ட்டை முறுக்கினால் அடியில் உள்ள ஆப்பு சாய்வாக ஏறி, குழாயின் உட்சுவரை நெருக்கி நிற்கும். ஆப்புக்குப் பதிலாகச் சில பழைய வண்டிகளில் கூம்பு வடிவ நட் இருக்கும். வேலை ஒன்றுதான்.

புது வகையில் மரை கிடையாது. வழவழப்பான கழுத்துக்குழாயின் வெளிப்புறத்தை ஸ்டெம் கவ்விப் பிடிக்கும். 1990களின் தொடக்கத்தில் டியா-கோம்பே நிறுவனம் 'அஹெட்செட்' என்ற பெயரில் கடைக்குக் கொண்டுவந்த முறை இது. மலைச் சைக்கிளில் தொடங்கி இன்று ஏறத்தாழ எல்லா நல்ல வண்டிகளுக்கும் பரவிவிட்டது.

இரண்டுக்கும் அளவெடுக்கும் இடம் வேறு. மரை வகையில் முக்கியம் உள்விட்டம். கவ்வு வகையில் முக்கியம் வெளிவிட்டம். கடைக்குப் போய் "ஒரு அங்குல ஸ்டெம் கொடுங்கள்" என்று கேட்டால் எதைச் சொல்கிறீர்கள் என்று தவுக்கேக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஒரு அங்குல மரைக் கழுத்தின் வெளிவிட்டம் 25.4 மி.மீ.; அதற்குள் இறங்கும் ஸ்டெம் 22.2 மி.மீ., அதாவது முக்காலே அரைக்கால் அங்குலம். ஒன்றே அரைக்கால் அங்குல மரைக் கழுத்தின் வெளிவிட்டம் 28.6, உள்ளே இறங்கும் ஸ்டெம் 25.4. ஆக 25.4 என்ற ஒரே எண் ஒரு வண்டியில் குழாயின் வெளிப்புறம், இன்னொரு வண்டியில் ஸ்டெம்மின் கால். மில்லிமீட்டரில், உள்ளா வெளியா என்று சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள்.

இவற்றோடு மூன்றாவது ஒன்று உண்டு. மலிவான பிள்ளைகள் சைக்கிளிலும் பழைய பி.எம்.எக்ஸ்.ஸிலும் வெளிவிட்டம் அதே 25.4 ஆக இருந்தாலும் சுவர் தடித்து, உள்விட்டம் 21.15 ஆகக் குறைந்திருக்கும். அதற்கு 21.1 ஸ்டெம். இந்த வட்டாரத்தில் நடக்கும் குளறுபடிகளில் பெரும்பகுதி 22.2-க்கும் 21.1-க்கும் இடையில்தான். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பழைய பிரெஞ்சு வண்டிக்கு 22.0 என்று இன்னொரு அளவும் உண்டு. இங்கே அது கையில் கிடைப்பது அபூர்வம். கிடைத்தால் 22.2 ஸ்டெம்மின் காலை எமரித் தாளால் சுற்றிலும் சீராகத் தேய்த்தே பொருத்தலாம். கரைக்க வேண்டியது பக்கத்துக்கு 0.1 மி.மீ.தான்.

அளவு எடுப்பது

வெர்னியர் காலிபர் ஒன்று வாங்கிவிடுங்கள். ஷாப்பியிலும் லசாடாவிலும் கிடைக்கும் சாதாரணக் காலிபர் போதும். மரைக் கழுத்தின் உள்விட்டத்தை வாயருகே மட்டும் எடுக்காதீர்கள். வாயில் பிசிறு இருக்கும், துரு இருக்கும், முந்தைய உரிமையாளர் சுத்தியலால் தட்டிய தடம் இருக்கும். காலிபரின் மேல்தாடையைக் குழாய்க்குள் எட்டும்வரை இறக்கி எடுங்கள். பிறகு காலிபரைக் கால் சுற்றுத் திருப்பி இன்னொரு முறை எடுங்கள். இரண்டு எண்ணும் 0.2-க்கு மேல் வேறுபட்டால் குழாய் வட்டமாக இல்லை, எங்கோ அடிபட்டிருக்கிறது. அந்த ஃபோர்க்கை ஒதுக்கிவிடுங்கள்.

காலிபர் இல்லாமல் இரும்புக்கடையில் நிற்கும்போது சட்டைப்பைச் சில்லறை உதவும். 2012-இல் வெளிவந்த மூன்றாம் வரிசை மலேசிய நாணயங்களில் 50 சென்னின் விட்டம் 22.65 மி.மீ.; 20 சென்னுக்கு 20.6. நாணயத்தின் முதுகில் ஒரு துண்டு டேப் ஒட்டி, அதைப் பிடித்துக்கொண்டு குழாயின் வாயில் படுக்கைவாட்டில் வையுங்கள். டேப் இல்லாவிட்டால் காசு அடிவழியாகப் போய் விழும். 50 சென் உள்ளே இறங்கினால் அது ஒன்றே அரைக்கால் அங்குலக் கழுத்து, ஸ்டெம் 25.4. இறங்காவிட்டால் 20 சென்னை வையுங்கள். சுற்றிலும் தாராளமாக ஒன்றரை மில்லிமீட்டர் ஆடினால் 22.2. அரை மில்லிமீட்டர்தான் அசைகிறது என்றால் 21.1. பொருளை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க இது போதும். ஸ்டெம்மை இறக்கும் முன் காலிபரால் சரிபார்த்தே ஆக வேண்டும்.

பழைய ஸ்டெம் கையில் இருந்தால் வேலை இன்னும் சுலபம். பல ஸ்டெம்களின் காலில் 22.2 என்று பொறித்திருக்கும். ஆனால் பழைய ஸ்டெம் அந்த ஃபோர்க்கோடு பிறந்ததுதானா என்று உறுதியாகத் தெரியாதவரை அந்த எண்ணை நம்பாமல் குழாயையே அளந்து பாருங்கள். நமக்கு முன்பே யாராவது தப்பான ஸ்டெம்மைப் போட்டு ஓட்டியிருக்கலாம்.

வர மறுக்கும் ஸ்டெம்

புதியதைப் போடுவதைவிடப் பழையதைக் கழற்றுவதே இங்கே பெரிய வேலை. கேமரன் மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மழை விட்டாலும் ஈரம் விடாது. காய்கறித் தோட்டத்து உரத்தூள் ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை வேகமாக அரிக்கும். கழுத்துக்குழாயின் அடி பெரும்பாலும் திறந்தே இருப்பதால் முன்சக்கரம் அடிக்கும் தண்ணீர் நேராக உள்ளே ஏறுகிறது. இரும்புக் குழாய்க்குள் அலுமினிய ஸ்டெம், நடுவே ஈரம் என்று இருந்தால் அலுமினியம் அரிபடத் தொடங்கி வெள்ளைப் பொடி கட்டும். அந்தப் பொடி, தான் உருவான உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால்தான் பத்து வருடம் தொடாத ஸ்டெம் குழாயோடு ஒட்டிப்போகிறது.

முதலில் மேலே உள்ள போல்ட்டை மூன்று நான்கு சுற்றுத் தளர்த்துங்கள். பெரும்பாலும் 6 மி.மீ. ஆலன் கீ, பழைய வண்டியானால் ஸ்பேனர். முழுவதும் கழற்ற வேண்டாம். போல்ட்டின் தலை இப்போது மேலே எழும்பி நிற்கும். அதன்மேல் ஒரு மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் ஒரே அடி. "டக்" என்று போல்ட் தலை கீழே உட்கார்ந்தால் ஆப்பு விலகிவிட்டது என்று பொருள். பிறகு முன்சக்கரத்தை முழங்காலுக்கிடையில் பிடித்து ஹேண்டில் பாரை இடமும் வலமுமாக அசைத்து மேலே இழுங்கள்.

அசையவில்லையென்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். சக்கரத்தைப் பிடித்து முறுக்கும் பலமெல்லாம் ஃபோர்க்கின் கால்களில்தான் இறங்குகிறது, மெலிந்த கால்கள் திருகிக்கொள்ளும். டபிள்யூடி-40 போன்ற ஊடுருவும் எண்ணெயை லாக் நட்டின் விளிம்பில் விடுங்கள். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, முன்சக்கரத்தைக் கழற்றி, கழுத்துக்குழாயின் அடித்துளை வழியாகவும் விடுங்கள். பலர் மேலே மட்டும் விடுகிறார்கள், ஒட்டியிருப்பதோ அடியில் ஆப்பருகே. ஓர் இரவு விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள். அப்படியும் வராத அலுமினிய ஸ்டெம்முக்கு வீட்டுச் சுத்திகரிப்புக்கு விற்கும் அமோனியா வேலை செய்யும். அது அந்த வெள்ளைப் பொடியைக் கரைக்கும். திறந்த வெளியில், கையுறையோடு செய்யுங்கள். அமோனியா பட்ட இடத்தில் குளோரோக்ஸ் போன்ற வெளுப்பு நீர் எதுவும் கலக்கக் கூடாது. கலந்தால் எழும்பும் புகை நுரையீரலைப் பாழாக்கும்.

எதற்கும் மசியாவிட்டால் ஸ்டெம்மை லாக் நட்டுக்கு மேலே வெட்டிவிட்டு, உள்ளே மிஞ்சிய காலை வாள்தகட்டால் நெடுக்குவாட்டில் கீறி எடுக்க வேண்டும். பொறுமையான வேலை. குழாயின் உட்சுவரில் வாள் இறங்கிவிட்டால் ஃபோர்க் வீணாகிவிடும். விலைமதிப்பான ஃபோர்க்காக இருந்தால் ஈப்போவில் கடைசல் பட்டறைக்காரரிடம் கொடுத்துவிடுவது நல்லது. ஈயச் சுரங்கக் காலத்திலிருந்தே அந்த ஊருக்கு இரும்பு வேலையில் பழக்கம் உண்டு.

மரைக் கழுத்தில் கவ்வு ஸ்டெம்

அதிகம் கேட்கப்படும் மாற்றம் இதுதான். முன்கூடை வைத்த ஜப்பான் வண்டியோ பழைய மலைச் சைக்கிளோ இருக்கிறது. அதன் ஹேண்டில் தாழ்வாகவோ தூரமாகவோ இருக்கிறது. இன்று கடையில் நிறைந்து கிடப்பதோ 28.6 மி.மீ. கவ்வு ஸ்டெம். அதை இதில் போட முடியுமா?

முடியும், அடாப்டர் வைத்து. கீழ்ப்பாதி ஸ்டெம்மைப் போலவே 22.2 மி.மீ. கால், அடியில் ஆப்பு. மேல்பாதி 28.6 மி.மீ. வழவழப்பான உருளை. கீழ்ப்பாதி கழுத்துக்குழாய்க்குள் இறங்கும், மேல்பாதியைப் புது ஸ்டெம் கவ்வும். 25.4 துளைக்கும் இதேபோல் கிடைக்கிறது. வாங்கும்போது கீழ் அளவு, மேல் அளவு இரண்டையும் சொல்லி வாங்குங்கள்.

பொருத்தும் முன் குழாயின் உட்புறத்தைச் சுத்தம் செய்யுங்கள். ஒரு மூங்கில் குச்சியில் எமரித் தாளைச் சுற்றி உள்ளே விட்டுத் துருவைத் தேய்த்தெடுத்து, துணியால் துடைத்து, உட்சுவரில் மெல்லிய கிரீஸ் பூசுங்கள். அடாப்டரின் காலிலும், ஆப்பின் சாய்ந்த முகத்திலும், போல்ட்டின் மரையிலும் கிரீஸ் வேண்டும். கிரீஸ் போட்டால் வழுக்காதா என்று சிலருக்குச் சந்தேகம் வரும். ஆப்பு நெருக்கும் பலத்துக்கு முன்னால் அந்தப் படலம் ஒன்றுமில்லை. கிரீஸ் இல்லாமல் போட்டால் அடுத்த முறை கழற்றும்போது முந்தைய பகுதியில் சொன்ன பாட்டைத்தான் பட வேண்டியிருக்கும்.

எவ்வளவு ஆழம் இறக்குவது என்பதில்தான் உயிர் இருக்கிறது. அடாப்டரின் காலில் குறைந்தபட்ச ஆழத்தைக் காட்டும் கோடு பொறித்திருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியவே கூடாது. கோடு அழிந்துபோன பழைய ஸ்டெம்மானால் விட்டத்தின் இரண்டரை மடங்காவது உள்ளே இருக்க வேண்டும். 22.2-க்கு அது ஏறத்தாழ 56 மி.மீ.; மலையில் ஓட்டுபவர்களுக்கு 65-க்குக் குறைய வேண்டாம் என்பதே என் கட்சி.

இதோடு இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும், பலர் பார்ப்பதில்லை. மரை போட்ட பகுதியில் குழாயின் சுவர் மெலிந்திருக்கும். 25.4 வெளிவிட்டம், 22.2 உள்விட்டம் என்றால் சுவர் 1.6 மி.மீ.; மரை வெட்டியதில் 0.65 போய்விடும். மிச்சம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்த இடத்தில் ஆப்பு நின்று நெருக்கினால் குழாய் பிதுங்கும், நாளடைவில் மரையின் பள்ளத்தில் விரிசல் விடும். ஆகவே ஆப்பு மரைப் பகுதியைத் தாண்டிக் கீழே இறங்கி நிற்க வேண்டும். நீளமான மரை வெட்டிய ஃபோர்க் கையில் கிடைத்தால், மரை எங்கே முடிகிறது என்று வெளியே அளந்து, ஆப்பு எங்கே நிற்கும் என்று உள்ளே கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் இன்னும் நீளமான காலுள்ள அடாப்டரைத் தேடுங்கள்.

அடாப்டர் இறங்கும்போது பாதியில் நின்றால் தட்டி இறக்காதீர்கள். சில ஃபோர்க்குகளின் கழுத்துக்குழாய் அடிப்பக்கம் உள்ளே தடித்திருக்கும். அதற்குமேல் எதுவும் இறங்காது.

முதலில் அடாப்டரின் போல்ட்டை இறுக்கி, பிறகு அதன்மேல் ஸ்டெம்மை ஏற்றிச் சக்கரத்துக்கு நேராக்கி, ஸ்டெம்மின் இரண்டு பக்கவாட்டு போல்ட்டுகளையும் மாற்றி மாற்றி இறுக்குங்கள். அந்தப் பக்கவாட்டு போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 5 முதல் 6 நியூட்டன் மீட்டர், ஸ்டெம்மிலேயே அச்சிட்டிருக்கும். அதைத்தான் பின்பற்ற வேண்டும். ஆப்பு போல்ட்டுக்கு ஆலன் கீயின் நீளக் கையைப் பிடித்து ஒரு கையால் உறுதியாக இறுக்குவது போதும். குழாய் சொருகி நெம்பினால் ஆப்பு குழாயைப் பிதுக்கிவிடும். ஸ்டெம்மின் கவ்வு முழுவதும் 28.6 உருளையின்மேல் உட்கார வேண்டும், பாதி தொங்கக் கூடாது.

மரை போட்ட ஃபோர்க்கின் வெளிப்புறத்தைக் கவ்வு ஸ்டெம்மால் நேரடியாகப் பிடித்து ஓட்டுவதைச் சில வண்டிகளில் பார்க்கலாம். அடாப்டர் வாங்கும் செலவை மிச்சம் பிடிக்கும் வேலை. மரையின் முகடுகளை மட்டும் பிடித்த கவ்வு வழுக்கும். அதைவிட மோசமானது, மெலிந்த மரைப் பகுதியே வளைக்கும் பலம் முழுவதையும் தாங்க வேண்டியிருப்பது. அது முன்னறிவிப்பு இல்லாமல் ஒடியும். தயவு செய்து யாருக்கும் செய்துகொடுக்காதீர்கள்.

21.1-ஐ 22.2-க்குள் போடுவது

பையன் பி.எம்.எக்ஸ். ஸ்டெம்மைக் கொண்டுவருவான். "அண்ணே, உள்ள போவுது, ஆனா லேசா ஆடுது. டின் தகடு வெட்டிச் சுத்திப் போட்டா நிக்காதா?"

"நிக்கிற மாதிரி தெரியும் தம்பி. மேட்டுல எந்திரிச்சு மிதிச்சா சுத்திக்கும்."

காரணம் எளிது. வித்தியாசம் 1.1 மி.மீ., பக்கத்துக்கு 0.55. பான டின்னின் தகடு ஏறத்தாழ 0.1 மி.மீ. கனம். ஐந்து சுற்றுச் சுற்ற வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றிய தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், ஆப்பு அழுத்தும் இடத்தில் கசங்கும். தகடு சுற்றாமல் அப்படியே போட்டாலும் ஆப்பு விரிந்து ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளும், இறுகிவிட்டது போலவே கைக்குத் தோன்றும். ஆனால் ஆப்புள்ள அடியில் மட்டும் பிடிப்பு, மேலே லாக் நட்டருகே ஸ்டெம் அந்தரத்தில் ஆடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அது ஆப்பைத் தளர்த்தும்.

இதற்கென்றே செய்த உறை கிடைக்கிறது. வெளிவிட்டம் 22.2, உள்விட்டம் 21.1, நெடுக்காக ஒரு பிளவு, மேலே உள்ளே விழாமல் தாங்க ஒரு விளிம்பு. ஷிம் என்று கேட்டால் கொடுப்பார்கள். 22.2 ஸ்டெம்மை 25.4 துளைக்குள் போடவும் 1.6 மி.மீ. சுவருள்ள உறை உண்டு. எதை வாங்கினாலும் நீளத்தைப் பாருங்கள். ஸ்டெம்மின் கால் மட்டுமல்ல, ஆப்பும் உறைக்குள் இருக்க வேண்டும். உறை முடிந்து ஆப்பு மட்டும் கீழே தொங்கினால் உறை போட்டும் பயனில்லை.

மறுபக்கம், 22.2 ஸ்டெம்மை 21.15 துளைக்குள் போட வழி கேட்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதே. குழாயைக் கடைசலில் குடைந்தால் சுவர் 2.1-லிருந்து 1.6 ஆகும், வழக்கமான ஃபோர்க்கின் கனம்தானே என்று எண்ணால் வாதிக்கலாம். ஆனால் அந்த மலிவு ஃபோர்க்கின் இரும்பு வேறு. தகட்டை வளைத்து ஒட்டுப்போட்ட குழாயாக இருக்கும். குடையும்போது மையம் சிறிது விலகினாலும் ஒரு பக்கம் மெலிந்துவிடும். 21.1 ஸ்டெம் வாங்குவது இதைவிட மலிவு, பி.எம்.எக்ஸ். விற்கும் கடைகளில் கிடைக்கும்.

தாத்தா காலத்து வண்டி

ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929-இல். தாப்பாவிலிருந்து சாலை மேலே வந்து முடிந்தது 1931-இல். பாரத் தோட்டம் 1933-இல் வந்தது. அந்தச் சாலை வந்த பிறகே சக்கரம் வைத்த எதுவும் இந்த மலைக்கு ஒழுங்காக ஏறியது. தோட்டத்துக் கிராணிமாரும் கங்காணிமாரும் ஓட்டிய ராலே வகை வண்டிகள் இன்றும் சில லயங்களில் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கின்றன. இவற்றைப் புதுப்பிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை.

ஒன்று, ராடு பிரேக் வண்டியில் ஸ்டெம்மும் ஹேண்டில் பாரும் பற்றவைத்த ஒரே துண்டு. பிரேக் கம்பிகளும் அதிலேயே தொங்குகின்றன. ஸ்டெம்மை மாற்றினால் பிரேக்கும் போய்விடும். கேபிள் பிரேக் பொருத்தாமல் அந்த வண்டியைச் சாலைக்குக் கொண்டுவரக் கூடாது. பிரேக் இல்லாத வண்டியோடு இந்த இறக்கத்தில் இறங்குவதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

இரண்டு, ராலே தன் வண்டிகளுக்கு அங்குலத்துக்கு 26 மரை வெட்டியது. மற்ற பெரும்பாலான ஒரு அங்குலக் கழுத்துகளுக்கு 24. கடையில் கிடைக்கும் லாக் நட் ராலேயில் முதல் ஒரு சுற்று ஏறும், அப்புறம் கனக்கும். கனத்ததும் நிறுத்திவிடுங்கள். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் கழுத்தின் மரை போய்விடும், அந்த ஃபோர்க்குக்கு மாற்று தேடுவது கடினம். பழைய நட்டையும் கோனையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துலக்கி அவற்றையே போடுங்கள்.

கவ்வு வகையில் அளவு மாறினால்

இங்கே சொல்ல அதிகமில்லை. 28.6 ஸ்டெம்மை 25.4 கழுத்துக்குப் போட 1.6 மி.மீ. சுவருள்ள ஷிம் கிடைக்கும். ஷிம்மின் உயரம் ஸ்டெம்மின் கவ்வு உயரத்துக்குக் குறையக் கூடாது. கழுத்துக்குழாயின் முனை, ஸ்டெம்மின் மேல் விளிம்புக்கு 3 மி.மீ. கீழே நிற்க வேண்டும். அப்போதுதான் ஸ்டெம்மின் மேல்மூடியை இறுக்கும்போது பால்ஸின் ஆட்டம் தீரும். 25.4 ஸ்டெம்மை 28.6 கழுத்துக்குப் போட வழியே இல்லை. ஸ்டெம்மைக் குடைந்து பெரிதாக்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கார்பன் கழுத்தாக இருந்தால் கிரீஸும் கூடாது, மூடியின் போல்ட்டைப் பிடிக்கக் குழாய்க்குள் அடித்திறக்கும் ஸ்டார் நட்டும் கூடாது.

ஹேண்டில் பாரைப் பிடிக்கும் பக்கத்திலும் அளவு வேறுபடும். 25.4 பாரை 31.8 ஸ்டெம்மில் வைக்க 3.2 மி.மீ. சுவருள்ள இரட்டைப் பிளவு ஷிம் போதும்.

ஃபோர்க்கையே மாற்றுபவர்கள் ஸ்டெம்மோடு அடித்தளக் கோனையும் பார்க்க வேண்டும். ஒரு அங்குலக் கழுத்தில், அந்தக் கோன் உட்காரும் ஃபோர்க்கின் தோள் ஜப்பான் அளவில் 27.0 மி.மீ.; மற்றதில் 26.4. 26.4 கோன் 27.0 தோளில் இறங்காது. 27.0 கோன் 26.4 தோளில் தளர்ந்து ஆடும். ஃபோர்க் எந்த வண்டியிலிருந்து வந்ததோ அதன் கோனையும் சேர்த்தே கழற்றி வாங்கிவிட்டால் இந்தத் தலைவலி பாதி தீரும்.

சாலைக்கு இறக்கும் முன்

ஸ்டெம்மின் உயரம் மாறினால் கேபிளின் நீளம் பற்றாமல் போகும். ஹேண்டிலை இடதுகோடிக்கும் வலதுகோடிக்கும் திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது பிரேக் தானாகப் பிடித்தாலோ கியர் மாறினாலோ கேபிள் குட்டை, புதிது போட வேண்டும். பழைய மலைச் சைக்கிள் சிலவற்றில் முன்பிரேக் கேபிள் ஸ்டெம்மின் துளை வழியாகவே இறங்கும். அந்த ஸ்டெம்மை எடுத்துவிட்டால் கேபிளைத் தாங்க லாக் நட்டின் கீழ் ஒரு கொக்கித் தகடு வைத்தாக வேண்டும்.

பிறகு வண்டிக்கு முன்னால் நின்று, முன்சக்கரத்தை முழங்காலுக்கிடையில் இறுக்கி, இரண்டு கையாலும் ஹேண்டில் பாரை முறுக்குங்கள். அசையக் கூடாது. முன்பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். தலைக்குழாயருகே "டக் டக்" என்று கைக்குத் தட்டுப்பட்டால் கோன் தளர்வு, ஸ்டெம்மின் குறை அல்ல. மரை வண்டியில் அதைக் கோனும் லாக் நட்டும்தான் சரிசெய்யும்.

நகப்பூச்சு எடுத்து, லாக் நட்டிலிருந்து அடாப்டர்மேலும், அடாப்டரிலிருந்து ஸ்டெம்மேலும் தொடர்ச்சியாக ஒரு மெல்லிய கோடு இழுத்து விடுங்கள். முதல் வாரம் பள்ளிக்கூடத் திடல் போன்ற சமதரையிலும், ஏற்றத்திலும் மட்டும் ஓட்டுங்கள். ஏற்றம் நல்ல சோதனை. பிடிப்பில் குறையிருந்தால் எழுந்து மிதிக்கும்போது மெதுவான வேகத்திலேயே தெரிந்துவிடும். வாரக் கடைசியில் கோட்டைப் பாருங்கள். விலகாமல் இருந்தால் போல்ட்டுகளை இன்னொரு முறை சரிபார்த்துவிட்டு இறக்கத்துக்குப் போகலாம். விலகியிருந்தால் கூடுதலாக இறுக்கித் தீர்த்துவிடப் பார்க்காதீர்கள். கழற்றி, ஆப்பின் முகத்தில் தேய்மானம் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பளபளத்தால் விட்டம் பொருந்தவில்லை. மறுபடி காலிபரை எடுத்து அளவிலிருந்து தொடங்க வேண்டும்.

அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை, அக்டோபர் நவம்பர் மழைக்கு முன், ஸ்டெம்மை முழுவதும் வெளியே எடுத்துத் துடைத்து, புதுக் கிரீஸ் பூசி, அதே ஆழத்துக்கு இறக்கி வையுங்கள். கழுத்துக்குழாயின் அடித்துளையைப் பழைய டியூப் ரப்பரில் வெட்டிய வட்டத்தால் அடைத்துவிடுங்கள். அதில் ஊசி முனையளவு ஒரு துளை மட்டும் இருக்கட்டும், உள்ளே வியர்க்கும் ஈரம் வடிய.